எக்ஸ் கதிருக்கு ஓர் ஆடி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வெள்ளி பூசிய ஒரு கண்ணாடி ஒளியைத் தடையின்றித் திருப்பி அனுப்புகிறது. எக்ஸ் கதிருக்கு மட்டும் ஏன் அடுக்கடுக்காக இத்தனை பூச்சுகள்? ஒரே ஓர் உலோகப் பூச்சை நன்றாக மெருகேற்றினால் போதாதா?
– முதுநிலை இயற்பியல் மாணவி ஒருவர்

பதில்: கண்ணுக்குத் தெரியும் ஒளியை உலோகப் பரப்பு திருப்பி அனுப்புவதற்குக் காரணம், அந்த அதிர்வெண்ணில் உலோகத்திலுள்ள எலெக்ட்ரான்கள் அலைக்கு ஈடுகொடுத்து அசைவதுதான். ஆய்வகத்தில் நாம் பயன்படுத்தும் எக்ஸ் கதிரின் அதிர்வெண் அதைப்போல ஏறத்தாழ மூவாயிரம் மடங்கு. அந்த வேகத்துக்கு எலெக்ட்ரான்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை. அதனால் எல்லாப் பொருள்களின் ஒளிவிலகல் எண்ணும் 1-க்கு மிக அருகில், 1-ஐவிட இம்மியளவு குறைவாக நின்றுவிடுகிறது. தாமிர ஆனோடு கொண்ட குழாயின் கே-ஆல்ஃபா கதிரை (தாமிரம் உமிழும் முதன்மையான எக்ஸ் கதிர்க் கோடு; அலைநீளம் 0.154 நானோமீட்டர், ஆற்றல் 8.05 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்) எடுத்துக்கொண்டால், அந்தக் குறைவு டங்ஸ்டனில் ஒரு லட்சத்தில் நாலரைப் பங்கு, சிலிக்கானில் ஒரு பங்குகூட இல்லை.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் ஒரே சலுகை, மிகத் தாழ்ந்த கோணத்தில் நிகழும் முழு எதிரொளிப்பு. அதற்கான மாறுநிலைக் கோணம் தங்கப் பரப்புக்கு ஏறத்தாழ 0.55 டிகிரி, சிலிக்கானுக்கு 0.22 டிகிரி. அக்கோணத்தைத் தாண்டிய உடனே எதிரொளிப்பு சரிந்துவிடும். 1.1 டிகிரியில் மெருகேற்றிய டங்ஸ்டன் பரப்பு திருப்பி அனுப்புவது விழுவதில் அரைச் சதவீதத்துக்கும் குறைவு. எவ்வளவு மெருகேற்றினாலும் இது கூடாது. ஒளிவிலகல் எண்களின் வேறுபாடே அவ்வளவு சிறியது என்பதுதான் சிக்கல், பரப்பின் பளபளப்பு அல்ல.

ஆனால் அந்த அரைச் சதவீதத்தைச் செறிவாகப் பார்க்காமல் அலையின் வீச்சாகப் பாருங்கள். அது ஏழு சதவீதத்தை நெருங்குகிறது. கன உலோகம் ஒன்றும் இலேசான பொருள் ஒன்றும் மாறிமாறி அமையும்படி அடுக்கி, ஒவ்வொரு இணையிலிருந்தும் திரும்பும் அலை அடுத்த இணையிலிருந்து வரும் அலையோடு ஒத்த கட்டத்தில் சேருமாறு தடிமனை அமைத்துவிட்டால், வீச்சுகள் ஒன்றோடொன்று கூடிக்கொண்டே போகும். சில பத்து இணைகளுக்குள் விழும் கதிரில் 70 முதல் 80 சதவீதம் வரை திரும்பி வந்துவிடுகிறது. முழு எதிரொளிப்புக்கு எட்டாத கோணத்தில் இது கிடைப்பதால், அதே நீளமுள்ள ஆடி இருமடங்கு அகலமான கற்றையைப் பிடித்துத் தரும்.

கேள்வி: பிராக் விதியை வைத்தே அடுக்கின் தடிமனைக் கணக்கிட்டுவிடலாம் அல்லவா? வடிவமைப்பு என்று தனியாக என்ன இருக்கிறது? எந்தப் பொருள்களைத் தேர்ந்தெடுப்பது, எத்தனை இணைகள் வைப்பது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?
– கல்லூரி விரிவுரையாளர்

பதில்: அடுக்கின் தடிமன், அலைநீளம், எதிரொளிக்கும் கோணம் மூன்றையும் இணைக்கும் பிராக் விதி தொடக்கத்துக்கு உதவும், அதோடு நின்றுவிட்டால் ஆடி வேலை செய்யாது. ஓர் இணையின் தடிமன் 4 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிராக் விதிப்படி தாமிரக் கதிர் 1.10 டிகிரியில் எதிரொளிக்க வேண்டும். ஆனால் கதிர் அடுக்குக்குள் நுழையும்போது விலகுகிறது. டங்ஸ்டனும் சிலிக்கானும் ஏறத்தாழ இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் கலந்த அடுக்கில் இந்த விலகலையும் சேர்த்துக் கணக்கிட்டால் உச்சம் 1.17 டிகிரியில் வருகிறது. வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் உச்சத்தின் மொத்த அகலமே 0.05 டிகிரி அளவில்தான் இருக்கிறது என்பதால், ஒளிவிலகலை மறந்துவிட்டுச் செய்த ஆடி தன் உச்சத்தை முற்றாகத் தவறவிட்டுவிடும். படிகங்களோடு பழகியவர்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. அங்கே கோணங்கள் பெரியவை, திருத்தம் மிகச் சிறியது.

பொருள்களைத் தேர்வு செய்வதில் இரண்டு விருப்பங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. எலெக்ட்ரான் அடர்த்தியில் வேறுபாடு அதிகம் வேண்டும். உட்கவர்தல் குறைவாக வேண்டும். டங்ஸ்டனும் சிலிக்கானும், அல்லது டங்ஸ்டனும் போரான் கார்பைடும் சேர்ந்தால் வேறுபாடு மிகுதி. சில பத்து இணைகளிலேயே எதிரொளிப்பு நிறைவடைந்துவிடும், உச்சமும் அகலமாக இருக்கும். நிக்கலும் கரியும் சேர்ந்தால் வேறுபாடு குறைவு, ஆகவே இணைகள் கூடுதலாக வேண்டும். ஆனால் உச்சம் குறுகி அலைநீளத் தெரிவு கூர்மையாகிறது. நிக்கலுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அதன் கே உட்கவர் விளிம்பு (உட்கவர்தல் திடீரென உயரும் ஆற்றல்) 8.33 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் இருக்கிறது. தாமிரத்தின் கே-ஆல்ஃபா அதற்குச் சற்றுக் கீழே அமைவதால் எளிதில் கடந்துபோகிறது, 8.9-இல் உள்ள கே-பீட்டா (தாமிரம் உமிழும் மற்றொரு கோடு) விளிம்புக்கு மேலே இருப்பதால் மாட்டிக்கொள்கிறது. மாலிப்டினம் குழாய்க்கு ஆடி செய்யும்போது இந்தக் கணக்கை முதலிலிருந்து மறுபடி போட வேண்டும்.

இணைகளின் எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. விற்பனைத் தாள்களில் எண்ணிக்கையைப் பெருமையாக அச்சிடும் வழக்கம் இருக்கிறது. வாங்குபவர்களும் அதிகம் என்றால் மேல் என்று எண்ணிவிடுகிறார்கள். மேலேயுள்ள இணைகள் கதிரின் பெரும்பகுதியைத் திருப்பிவிட்டபின் கீழே இருப்பவற்றுக்கு வேலையே இல்லை. டங்ஸ்டன்–சிலிக்கான் ஆடியில் 4 நானோமீட்டர் தடிமனுக்கு 40 இணைகளுக்கு மேல் வைப்பதால் கிடைப்பது சொற்பம். கேட்க வேண்டியது எண்ணிக்கையை அல்ல, இடைமுகத்தை: ஒரு பொருள் முடிந்து மற்றது தொடங்கும் எல்லை எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பதை.

எல்லை மங்கும் அளவு 0.3 நானோமீட்டர் என்றால், 4 நானோமீட்டர் இணை தன் இலட்சிய எதிரொளிப்பில் 80 சதவீதத்தைத் தக்கவைக்கும், மங்கல் 0.5 நானோமீட்டராகிவிட்டால் மிஞ்சுவது 54 சதவீதம். இவை ஒவ்வோர் இடைமுகத்துக்கும், மங்கலால் எதிரொளிப்பு குறையும் அளவைத் தரும் டிபை–வாலர் காரணியைப் போட்டுக் கிடைக்கும் தோராயமான எண்கள். இணைகளின் எண்ணிக்கை கூடும்போது இழப்பு சற்று ஈடுகட்டப்படும், என்றாலும் போக்கு இதுவே. இணையின் தடிமனை 2.5 நானோமீட்டராகக் குறைத்தால், முன்பு பொறுத்துக்கொண்ட அதே 0.3 நானோமீட்டர் மங்கல் எதிரொளிப்பை 57 சதவீதத்துக்கு இறக்கிவிடும். கோணத்தைக் கூட்ட வேண்டும் என்ற ஆசையில் இணையை மெல்லிதாக்குபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

கேள்வி: ஒரு டங்ஸ்டன் அணுவின் குறுக்களவே 0.27 நானோமீட்டர் இருக்கும்போது, அடுக்குத் தடிமனை 0.04 நானோமீட்டர் துல்லியத்தில் அமைக்கிறோம் என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? அணுவில் ஏழில் ஒரு பங்கை யார் வெட்டி வைக்கிறார்கள்?
– பொறியியல் கல்லூரி மாணவர்

பதில்: நல்ல கேள்வி. யாரும் வெட்டுவதில்லை. தடிமன் என்று நாம் சொல்வது பரப்பு முழுவதற்குமான சராசரியை. ஓரிடத்தில் ஆறு அணு உயரம், பக்கத்தில் ஏழு அணு உயரம் என்று பரப்பு முழுக்கக் கலந்திருந்தால், எக்ஸ் கதிர் அலை அவற்றைத் தனித்தனியே பார்ப்பதில்லை. தாழ்ந்த கோணத்தில் வரும் அலை, பரப்பின் பெரும் நீளத்தை ஒருசேரத் தழுவி, அதன் சராசரி உயரத்துக்கு ஏற்பவே கட்டம் மாறுகிறது. அணுக்களின் ஏற்ற இறக்கம் சராசரியைக் கெடுக்காது. அது முன் பதிலில் சொன்ன மங்கலாகக் கணக்கில் சேரும். ஆக, சராசரியை அணுவைவிட நுண்ணிய அளவில் கட்டுப்படுத்துவது முடியும். எல்லையை அணுவைவிடக் கூர்மையாக்குவதுதான் முடியாது.

சராசரியைக் கட்டுப்படுத்தும் வழி மேக்னட்ரான் ஸ்பட்டரிங். வெற்றிட அறையில் காற்றை நன்றாக வெளியேற்றிவிட்டு, ஒரு பாஸ்கலில் சில பத்தில் பங்கு அழுத்தத்துக்கு ஆர்கானை விடுகிறார்கள். ஆர்கான் அயனிகள் டங்ஸ்டன் தகட்டை மோத, தெறிக்கும் அணுக்கள் எதிரே நகரும் அடித்தட்டில் படிகின்றன. பிறகு தட்டு சிலிக்கான் தகட்டின் முன்னே போகிறது, மறுபடி டங்ஸ்டன். மின்திறனும் ஆர்கான் அழுத்தமும் மாறாமல் நின்றால் படியும் வேகமும் மாறாது. நொடிக்கு 0.1 நானோமீட்டர் வீதம் என்றால் 1.6 நானோமீட்டர் டங்ஸ்டனுக்கு 16 நொடி. நேரத்தைப் பிசகாமல் காப்பது எந்திரத்துக்கு எளிது. கடினமானது, 40 இணைகளும் முடியும்வரை அந்த வீதத்தைத் தளரவிடாமல் காப்பதே. தகடு தேயத் தேய வீதம் மெல்ல நகரும். ஆகவே உண்மையான ஆடிக்கு முன்னர் சோதனைத் தட்டில் பூசி, எக்ஸ் கதிர் எதிரொளிப்பை அளந்து, வீதத்தைத் திருத்திக்கொள்வது வழக்கம்.

அழுத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆர்கான் அதிகமாக இருந்தால், தெறித்த அணு வழியில் பலமுறை மோதிக் களைத்துப்போய்த் தட்டை அடைகிறது. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது. மேடு பள்ளங்கள் வளர்கின்றன. அழுத்தம் குறைவாக இருந்தால் அணு சில எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு வந்து விழுந்து சற்று நகர்ந்து பள்ளத்தை நிரப்புகிறது. அளவுக்கு மீறிய ஆற்றலும் கெடுதல்: அணுக்கள் கீழ் அடுக்குக்குள் புகுந்து கலந்துவிடும். மாலிப்டினமும் சிலிக்கானும் சேரும் இடத்தில் இந்தக் கலப்பு ஒரே மாதிரி இருப்பதில்லை; சிலிக்கான்மேல் மாலிப்டினம் படியும் எல்லை, மாலிப்டினத்தின்மேல் சிலிக்கான் படியும் எல்லையைவிடத் தடித்த கலவையாக அமைகிறது. அடித்தட்டும் தன் பங்குக்கு ஒழுங்காக இருக்க வேண்டும், 0.1 அல்லது 0.2 நானோமீட்டர் சொரசொரப்புக்கு மெருகேற்றிய சிலிக்கானோ கண்ணாடியோ இல்லாமல் தொடங்கினால், மேலே எவ்வளவு கவனமாகப் பூசினாலும் கீழே இருந்த குறை அடுக்குதோறும் ஏறி வரும்.

இதன் முன்வரலாறு சுவையானது. 1940-இல் டூமாண்ட், யூட்ஸ் என்ற இருவர் தங்கத்தையும் தாமிரத்தையும் மாறிமாறி ஆவியாக்கிப் படியவைத்து எக்ஸ் கதிரின் விளிம்புவிளைவைக் கண்டார்கள். நாளாக ஆக இரு உலோகங்களும் ஒன்றுக்குள் ஒன்று விரவி, உச்சம் மங்கிக்கொண்டே வந்தது. அவர்கள் அந்த மங்கலையே அளவுகோலாக்கி, திடப்பொருளில் விரவல் எவ்வளவு வேகத்தில் நடக்கிறது என்று கணக்கிட்டார்கள். ஆடிக்குப் பொருந்தாத இணை என்பது அன்றே தெரிந்துவிட்டது. கலக்க மறுக்கும் இணைகளைத் தேடிக் கண்டுபிடித்துச் சீராகப் பூசும் உத்திகள் 1970-களில்தான் கைகூடின.

கேள்வி: எங்கள் துறையில் உள்ள விளிம்புவிளைவுமானியில் (எக்ஸ் கதிர் சிதறும் கோணங்களை அளக்கும் கருவி) குழாய்க்கு அடுத்து ஒரு பரவளைய ஆடி பொருத்தப்பட்டுள்ளது. வெளியே எடுத்துப் பார்த்தால் தட்டையான பட்டைபோலத்தான் தெரிகிறது. வளைவு எங்கே இருக்கிறது?
– ஆய்வு மாணவர்

பதில்: இருக்கிறது, கண் அதைப் பிடிக்காது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆடியின் அருகு முனை மூலத்திலிருந்து 60 மில்லிமீட்டர், தூர முனை 120 மில்லிமீட்டர், 100 மில்லிமீட்டரில் இணையின் தடிமன் 4 நானோமீட்டர் என்று கொள்வோம். ஒளிவிலகலைச் சற்று ஒதுக்கிவைப்போம். அந்தப் பரவளையத்தின் மேல் அருகு முனை அச்சிலிருந்து 2.98 மில்லிமீட்டரும் தூர முனை 4.22 மில்லிமீட்டரும் தள்ளி நிற்கும். இரு முனைகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால், நடுவே ஆடி அந்தக் கோட்டிலிருந்து விலகுவது 0.05 மில்லிமீட்டர். அதாவது வளைவின் ஆரம் எட்டரை மீட்டர். ஒரு தாளின் தடிமனுக்கும் குறைவான இந்த விலகலைக் கையில் வைத்துப் பார்த்து உணர முடியாது.

வளைவைவிட முக்கியமானது, கண்ணுக்கு அறவே தெரியாத மற்றொன்று. பரவளையத்தின் குவியத்தில் மூலம் இருந்தால், கதிர் ஆடியைச் சந்திக்கும் கோணம் அருகு முனையில் பெரிது, தூர முனையில் சிறிது. ஒரே அலைநீளம் எல்லா இடத்திலும் எதிரொளிக்க வேண்டுமானால், அடுக்கின் தடிமன் ஆடி நெடுகிலும் மாறிக்கொண்டே போக வேண்டும். மூலத்திலிருந்துள்ள தொலைவின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில். நம் எடுத்துக்காட்டில் அருகு முனையில் 3.1 நானோமீட்டர், தூர முனையில் 4.4. இடையில் எந்த இடத்திலும் ஒரு சதவீதத்துக்கு மேல் பிசகக்கூடாது. முன் கேள்வியில் வந்த 0.04 நானோமீட்டர் அங்கிருந்து பிறந்ததுதான்.

இதைப் பூசும் முறை எளிய எண்ணத்தில் அமைந்தது. ஸ்பட்டரிங் தகட்டின் முன் ஒரு குறுகிய பிளவை வைத்து, ஆடியை அதன் முன்னே நகர்த்துகிறார்கள். தடித்த பூச்சு வேண்டிய முனை பிளவைக் கடக்கும்போது மெதுவாக, மெல்லிய முனை கடக்கும்போது வேகமாக. நம் ஆடியில் இரண்டு வேகங்களுக்கும் உள்ள விகிதம் 1.41. பிளவு வழியே வரும் அணுக்கள் அக்கம்பக்கத்திலும் பரவுவதால், உண்மையில் கணக்கிட்ட வேகத்தைச் சோதனைப் பூச்சுகளால் திரும்பத் திரும்பத் திருத்தியே ஆக வேண்டும். தொடக்கக் காலத்தில் தட்டையான மெல்லிய சிலிக்கான் தகட்டில் பூசி, பிறகு வளைத்து, பரவளைய வடிவில் கடைந்த கட்டையில் ஒட்டினார்கள். ஷுஸ்டர், கோபல் என்ற இருவர் 1995-இல் வெளியிட்ட வேலைக்குப் பிறகு ஆய்வகங்களில் ‘கோபல் ஆடி’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. இப்போது முதலிலேயே பரவளையமாக மெருகேற்றிய கட்டையில் நேரடியாகப் பூசுவதும் உண்டு. செலவு கூடுதல், ஒட்டும்போது ஏற்படும் அலைநெளிவு இல்லை என்பதால் நான் இதையே விரும்புவேன். பரப்பின் சரிவில் ஏற்படும் பிழை வெளிவரும் கற்றையில் இருமடங்காகத் தெரியும் என்பதை மறக்க வேண்டாம்.

இதனால் கிடைக்கும் பயனை ஓர் எண்ணால் சொல்லலாம். இந்த ஆடி மூலத்திலிருந்து 0.8 டிகிரி விரிந்து வரும் கதிரை 1.2 மில்லிமீட்டர் அகலமுள்ள இணைக்கற்றையாக்குகிறது. ஒரு தட்டையான சிலிக்கான் படிகம் அதே அலைநீளத்தில் ஏற்கும் கோணம் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் சில பங்கே.

கேள்வி: அப்படியானால் பல்லடுக்கு ஆடி இருந்தால் தனியாக ஒற்றை நிறமாக்கி (ஒரே அலைநீளத்தைப் பிரித்தெடுக்கும் உறுப்பு) தேவையில்லையா?
– அதே மாணவர்

பதில்: கே-பீட்டாவை நீக்குவது மட்டும் நோக்கம் என்றால் தேவையில்லை. கே-ஆல்ஃபாவுக்கும் கே-பீட்டாவுக்கும் ஆற்றலில் பத்து சதவீதம் இடைவெளி; ஆடியின் அலைவரிசை அகலம் சில சதவீதமே. ஆனால் கே-ஆல்ஃபா ஒன்று, இரண்டு என்ற இரு கோடுகளுக்கு இடையே கால் சதவீதம்தான் இடைவெளி. அவற்றைப் பிரிப்பது பல்லடுக்கின் வேலையல்ல. அதற்குப் படிகமே கதி. ஆடியும் அதன் பின்னே பிளவுப் படிகமும் (நடுவே பள்ளம் வெட்டிய ஒற்றைப் படிகம்) சேர்ந்து நிற்கும் அமைப்பு அதற்காகவே உருவானது.

கேள்வி: ஓர் ஆடி ஒரு தளத்தில் மட்டும் கதிரை இணையாக்குகிறது. ஒற்றைப் படிக ஆய்வுக்கு இரு தளங்களிலும் கதிரைக் குவிக்க என்ன செய்வது?
– வேதியியல் ஆய்வாளர்

பதில்: இரண்டு ஆடிகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைக்க வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக வைப்பது கிர்க்பாட்ரிக்கும் பேஸும் 1948-இல் முன்வைத்த முறை. (இந்தப் பேஸ், பாடகி ஜோன் பேஸின் தந்தை.) பக்கவாட்டில் ஒட்டி, கதிர் ஒரு மூலையில் இரண்டிலும் அடுத்தடுத்துப் பட்டுத் திரும்புமாறு அமைப்பது மோன்டெல் முறை, இடம் குறைவு, இரு தளங்களுக்கும் உருப்பெருக்கம் ஒன்றே. நுண்குவியக் குழாயோடு (மிகச் சிறிய குவியப் புள்ளி கொண்ட எக்ஸ் கதிர்க் குழாய்) இணைத்துப் பயன்படுத்தும்போது இது நன்றாக அமைகிறது. இரண்டு எதிரொளிப்பு என்பதால் 75 சதவீதம் என்பது 56 ஆகிவிடும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் கருவியில் கதிரின் செறிவு பாதியாகக் குறைந்துவிட்டது. ஆடி கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்று பராமரிப்புக்கு வந்தவர் சொல்கிறார். நம்பலாமா?
– ஆய்வகப் பொறுப்பாளர்

பதில்: மாற்றுவதற்கு முன் ஒன்றிரண்டு சோதனைகளைச் செய்யச் சொல்லுங்கள். முதல் சந்தேகம் ஆடியின் மேல் அல்ல, அமைவின் மேல் விழ வேண்டும். அண்மையில் குழாயை மாற்றியிருந்தால், ஆனோடில் குவியப் புள்ளி 0.1 மில்லிமீட்டர் இடம்பெயர்ந்திருக்கலாம். 100 மில்லிமீட்டர் தொலைவில் அது 0.057 டிகிரி, ஆடியின் உச்ச அகலத்தைவிட அதிகம். இவ்வளவு சிறிய பெயர்ச்சி போதும், செறிவு பாதியாக அல்ல, அதற்கும் கீழே போய்விடும். ஆகவே ஆடியை அதன் திருகால் மெதுவாகத் திருப்பி, உச்சத்தை மறுபடி தேட வேண்டும். பாதுகாப்புப் பூட்டுகளை எதற்காகவும் நீக்காமல், பயிற்சி பெற்றவரே இதைச் செய்ய வேண்டும்.

உச்சத்தைச் சரியாகப் பிடித்த பிறகும் செறிவு குறைவாகவே இருந்தால், ஒரு மெல்லிய பிளவை 1.2 மில்லிமீட்டர் அகலக் கற்றைக்குக் குறுக்கே சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் செறிவைக் குறித்துக்கொள்ளுங்கள். கற்றையின் ஒவ்வொரு பகுதியும் ஆடியின் ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து வருவதால், இந்த வரைபடம் ஆடியின் நீளத்தையே உங்களுக்குக் காட்டிவிடும். எல்லா இடத்திலும் ஒரே அளவில் குறைந்திருந்தால் குழாயின் வயதையும் சாளரத்தையும் சந்தேகியுங்கள். ஒரு பகுதியில் மட்டும் பள்ளம் தெரிந்தால் அங்கே பூச்சு கெட்டிருக்கிறது.

பூச்சு கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் காற்று. எக்ஸ் கதிர் காற்றின் வழியே போகும்போது ஓசோன் உண்டாகிறது. அது கரியையும் போரான் கார்பைடையும் அரிக்கும். ஆடியின் உறையை வெற்றிடமாக்குவதும் ஹீலியம் ஓடவிடுவதும் கதிர் உட்கவரப்படாமல் காப்பதற்காக மட்டுமல்ல. முதன்மையாக இந்த அரிப்பைத் தடுப்பதற்காகத்தான். ஹீலியம் உருளை தீர்ந்த பிறகும் கருவி ஓடிக்கொண்டிருந்ததா, உறையின் ரப்பர் வளையம் கசிந்ததா என்று பராமரிப்புக் குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள். இவற்றைச் சரிசெய்யாமல் புது ஆடியைப் பொருத்தினால் அதுவும் அதே வழியில் போகும்.

கேள்வி: புதிதாக வரும் ஆடி நன்றாக இருக்கிறது என்பதை எந்த அளவீட்டைப் பார்த்து ஏற்பது?
– அதே பொறுப்பாளர்

பதில்: எக்ஸ் கதிர் எதிரொளிப்பு வரைகோட்டை ஆடியின் குறைந்தது மூன்று இடங்களில் எடுத்துத் தரச் சொல்லுங்கள்: இரு முனைகளிலும் நடுவிலும். முதல் பிராக் உச்சத்தின் உயரத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் உயர்வரிசை உச்சங்களைப் பாருங்கள். மங்கலின் பாதிப்பு வரிசை எண்ணின் வர்க்கத்தோடு கூடுவதால், மூன்றாவது, நான்காவது உச்சங்கள் எதிர்பார்த்த இடத்தில் தெளிவாக நின்றால் இடைமுகங்கள் கூர்மையாக உள்ளன என்று பொருள். (கன உலோகத்தின் தடிமன் இணையில் சரிபாதியாக இருந்தால் இரண்டாவது, நான்காவது உச்சங்கள் இயல்பாகவே மறைந்துவிடும், அதைக் குறையாக எண்ண வேண்டாம்.) உச்சங்களுக்கு இடையே சிற்றலைகள் சீராக ஓடினால் அடுக்குகள் ஒரே தடிமனில் தொடர்ந்திருக்கின்றன, சிற்றலைகள் கலைந்து உச்சம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பூசும்போது வீதம் நகர்ந்திருக்கிறது. பாரட் 1954-இல் தந்த தொடர்முறைக் கணக்கை வைத்து, 1993-இல் ஹென்கி, குலிக்சன், டேவிஸ் ஆகியோர் தொகுத்த ஒளியியல் மாறிலிகளைச் சேர்த்து, இந்த வரைகோட்டை எந்தக் கணினியிலும் நீங்களே கணக்கிட்டு ஒப்பிடலாம். தயாரிப்பாளர் தரும் பொருத்தக் கோட்டை மட்டும் பார்த்து ஏற்க வேண்டாம். அளந்த எண்களையே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஆடியின் மேல் தூசி படிந்திருக்கிறது. ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைக்கலாமா?
– ஆய்வகத் தொழில்நுட்ப உதவியாளர்

பதில்: துடைக்க வேண்டாம். மேலேயுள்ள அடுக்கு ஒன்றிரண்டு நானோமீட்டர்தான். பஞ்சின் இழை இழுத்த கீறல் பல இணைகளை ஒருசேர உரித்துவிடும். சுத்தமான உலர் நைட்ரஜனை மெல்லிய அழுத்தத்தில் பக்கவாட்டிலிருந்து ஊதுங்கள். அதற்கும் போகாத தூசி சில துகள்களே என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். துகள் மறைக்கும் பரப்பால் ஏற்படும் இழப்பு உங்கள் அளவீட்டில் தெரியாது. எண்ணெய்ப் படலம் படிந்திருந்தால் உறையோடு தயாரிப்பாளருக்கு அனுப்பிவையுங்கள்.